டீ ஜாடிக்கு ஓர் எருமை

ஜெயசித்ரா அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. உருண்டையாக எதைப் பார்த்தாலும் இரண்டு கைகளாலும் ஒரு முறை மூடிப் பார்ப்பார். முதலில் உள்ளங்கைகள் பக்கவாட்டில் ஒட்டும். கட்டைவிரல்கள் மேலே போய் ஒன்றையொன்று தொடும். சுண்டுவிரல்கள் அடியைத் தேடி இறங்கும். கண் திறந்துதான் இருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கைகளை எடுப்பார். எடுத்த கைகள் உடனே தொங்கிவிடாது. மூடிய பொருள் இன்னும் உள்ளே இருப்பதுபோல, குவிந்தபடியே அவரோடு கொஞ்ச தூரம் நடந்து வரும்.

வில்லியனூர் சந்தையில் பூசணிக்காயை அப்படி மூடியிருக்கிறார். என் ஹெல்மெட்டை மூடியிருக்கிறார். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மொட்டை போட்டு வந்திருந்தார்கள். அந்தத் தலையையும் மூடினார். குழந்தை வீறிட்டது.

"ஒண்ணும் பண்ணலடா கண்ணு, அளவுதான் எடுத்தன்."

அவரிடம் ஓர் இஞ்ச் டேப்பும் இருந்தது. காற்றடிக்கும் நாளில் கொடியில் போட்ட போர்வை பறக்காமலிருக்க அதை வைத்துக் கட்டியிருப்பார்.

வீடு உறுவையாற்றில், சங்கராபரணி பக்கமாக இறங்கும் தெருவில். கணவர் சம்மந்தம் டிராக்டர் ஓட்டுகிறவர். நடவு நேரத்தில் சேறடிப்பு, மற்ற மாதங்களில் கரும்பு லோடு. அக்கா முன்பெல்லாம் ஒயர் கூடை போட்டுக்கொண்டிருந்தார். வில்லியனூரில் அர்ச்சனா மேடம் உல்லன் யூனிட் ஆரம்பித்தபோது ஒயரை விட்டுவிட்டு உல்லனுக்கு வந்தார். அந்த யூனிட்டில்தான் எனக்கு வேலை. நூல் உருண்டைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு உறுவையாறு, அபிஷேகப்பாக்கம், நெட்டப்பாக்கம் என்று போவேன். பின்னி முடித்தவற்றை வாங்கி வருவேன். பேச்சு அதிகம் வராது என்பதால், போகிற வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்ததுதான் இதெல்லாம்.

யூனிட்டில் பெரும்பாலும் டீ கோஸிதான் செய்தோம். பீங்கான் டீ ஜாடியில் டீ ஆறிப்போகாமலிருக்க அதன்மேல் மாட்டும் கம்பளிச் சட்டை. ஜாடியின் மூக்கு வெளியே வர ஒரு பிளவு, கைப்பிடிக்கு ஒரு பிளவு, தலையில் பிடித்துத் தூக்க ஏதாவது ஒரு குமிழ். இதைப் பின்னுகிற பெண்களில் ஒருத்தர் வீட்டிலும் டீ ஜாடி கிடையாது. உறுவையாற்றில் டீ என்றால் கடையிலிருந்து தூக்கில் வரும், இல்லையென்றால் அடுப்பிலிருந்து நேராக டம்ளருக்கு இறங்கும். ஆறிப்போக அதற்கு அவகாசமே கிடையாது.

"டீக்குக் குளிருதாம்டி, சட்ட போடறாளுங்க" என்பார் அக்காவின் ஓரகத்தி தனக்கொடி. பக்கத்து வீடுதான். அவரும் எங்களுக்குப் பின்னித் தருகிறவர். கை வேகமாக ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும்.

மாடல் எல்லாம் அர்ச்சனா மேடம் கொடுப்பார். படம் பார்த்து, எண்ணிக்கை பார்த்து, அப்படியே பின்ன வேண்டும். ஸ்ட்ராபெரி, கப் கேக், குல்லாய் போட்ட பனி மனிதன். முதல்முறை ஸ்ட்ராபெரி படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, தக்காளிக்கு அம்ம வாத்தாப்புல இருக்குது."

"பழம்க்கா."

"நீ துன்னுருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப நீயும் நானும் ஒண்ணு" என்று ஊசியை எடுத்தார்.

நாலு வருஷம் அவர் ஸ்ட்ராபெரி பின்னினார். ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் அவருடைய பையில் எங்கள் கணக்கில் சேராத ஏதாவது ஒன்று இருக்கும். மிச்ச நூலில் செய்த நண்டு, இறக்கை விரித்த தட்டான், வயிறு பெருத்த ஒரு தவளை. கேட்டால் "சும்மா" என்பார். ஒரு நாள் அந்தத் தவளையை அர்ச்சனா மேடம் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். மேடம் அதைப் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொண்டார். அக்காவுக்கு அது போதவில்லை என்று அன்றைக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது எனக்குத் தெரிந்தது. வழி முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"பேப்பர் வெயிட்டு."

போன ஐப்பசியில் டவுனிலிருந்து ஓர் ஆர்டர் வரும்போல இருந்தது. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் செல்வகுமாரி மேடம், அறைக்கு ஒன்றாக டீ கோஸி வேண்டும், இந்த ஊரைச் சொல்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்றார். அர்ச்சனா மேடம் உடனே ஒரு மாடல் போட்டார். மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், மேலே காகிதப்பூக் கொடி. டவுன் வீடு. அழகாகத்தான் இருந்தது.

யூனிட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றபோது ஜெயசித்ரா அக்கா மட்டும் சொன்னார்: "இது டவுனு. ஊரு இல்ல."

"ஊர்னா என்னக்கா போடலாம்?" என்றார் அர்ச்சனா மேடம். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"நான் போட்டுக் காட்டறன்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "சரிக்கா. ஒண்ணே ஒண்ணு போடுங்க. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அவங்க வர்றாங்க. ரெண்டையும் வைப்போம். உங்களுது எடுத்தாங்கன்னா, இனிமே மாடல் நீங்களே போடுங்க. எடுக்கலன்னா ஸ்ட்ராபெரிதான். அப்பறம் நண்டு, தவளைன்னு என் டேபிளுக்கு எதுவும் வரக்கூடாது. சரியா?"

"சரி" என்றார் அக்கா. ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்த டீ ஜாடியை இறக்கி இரண்டு கைகளாலும் மூடினார். எடுத்தார். குவிந்த கைகளோடு வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தார்.

"புடிச்சிக்குங்கக்கா" என்றேன்.

"நீ மெதுவா போ. கலஞ்சிடும்."

மறுநாள் நூல் கொண்டுபோனபோது வீட்டில் இல்லை. ஆற்றுப் பக்கம் போயிருப்பதாக தனக்கொடி சொன்னார். போய்ப் பார்த்தால், தேங்கிய தண்ணீரில் இருசப்பனுடைய எருமைகள் கிடந்தன. இருசப்பன் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, ஓர் எருமையின் முதுகு மேட்டை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, என் எருமைக்கு ஜொரமா?"

"சட்டைக்கு அளவு எடுக்கறண்ணே."

"எருமைக்கு சட்டையா?"

"எருமைதான் சட்ட."

இருசப்பன் என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன். அது யாரையும் பார்க்கவில்லை. அதன் முதுகில் ஒரு கொக்கு, இத்தனை சந்தடியிலும் பறக்காமல், ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நின்றது.

அன்று மாலையே அக்கா பின்ன ஆரம்பித்தார். நான் கொண்டுபோன கறுப்பு நூலைத் தொட்டுவிட்டு ஒதுக்கினார். "எரும கறுப்புன்னு யாரு சொன்னா? சேறு காஞ்ச கலரு அது." கருஞ்சாம்பல் இழை ஒன்றும் பழுப்பு இழை ஒன்றும் சேர்த்து ஒரே இழையாக ஓட்டினார். பின்னி முடித்த பகுதியை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரே பக்கமாக வாரினார். பிசிறுகள் எழுந்து மயிராகப் படிந்தன. தடவிப் பார்த்தேன். கை ஈரமாகிவிடும்போல இருந்தது.

இரண்டு நாளில் எருமைக்கு முதுகு வந்துவிட்டது, கொம்பு வந்துவிட்டது. ஒரு கொம்பு லேசாகக் கோணல், இருசப்பன் எருமைக்கு இருப்பதுபோலவே. கொம்புக்குள் இலவம் பஞ்சு. அப்போதுதான் தனக்கொடி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரிடி. ஜாடி மூக்கு எங்க வருது?"

"எரும வாயிலதான்."

"அப்ப எரும வாயிலேர்ந்து டீ ஊத்தும். அச போட்டுத் துப்பனாப்புல. எவன் குடிப்பான்?"

அக்கா எருமையைக் கையில் வைத்துச் சுழற்றினார். "அப்ப திருப்பி வெச்சிடறன்."

தனக்கொடி தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! பின்னாடியேர்ந்தா! டீ கலரு வேற பொருத்தமா இருக்கும்டி!"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்மந்தம் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அக்காவும் சிரித்தார். ஆனால் நான் கிளம்பும்போது எருமையின் தலை தனியாகப் பிரிக்கப்பட்டு, நூல் முறுக்கும் சுருளுமாக மடியில் கிடந்தது. சனிக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"வேற ஏதாவது போடலாமேக்கா. மீனு, படகு..." என்று இழுத்தேன்.

"எருமைக்கு இன்னா கொற?" என்றார். "எரும சரியாதான் இருக்குது. மூக்குதான் தப்பான எடத்துல இருக்குது."

இடையில் பாகூரில் ஒரு காதுகுத்து. அக்காவின் பிறந்த வீடு அங்கேதான், ஏரிக்கரைக்குக் கீழே. போய்விட்டு மறுநாள் வந்தவர், நான் வண்டியை நிறுத்துவதற்குள் கேட்டார்.

"தம்பி, ஏரிக்கு மூக்கு எது?"

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி எங்கேர்ந்துபா வெளிய வரும்? எரும வாயிலேர்ந்தா வரும்? மதகுலேர்ந்துதான வரும்!"

அன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது. எருமையின் கீழே அகலமாகத் தண்ணீர் வந்தது. பச்சையும் நீலமும் கலந்த நூலில் வரிவரியாக. அதன்மேல் ஆகாயத்தாமரை இலைகள், ஊதாவில் இரண்டு பூ. ஜாடியின் மூக்கு வெளியே வரும் பிளவைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு மதகு, மேலே திருகுகிற கம்பியும் கைப்பிடியும்கூட. எருமை இப்போது மூக்குப் பக்கம் பார்க்கவில்லை. ஈ ஓட்டுவதற்குத் தலையைத் திருப்பி விலாவில் வைத்துக்கொள்ளுமே, அப்படிப் பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தது. ஜாடியின் கைப்பிடி வரும் இடத்தில் வால்.

தனக்கொடி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. பிறகு, "மதகத் தொறந்து வுடுடி, பாப்போம்" என்றார்.

மிச்சம் கொக்குதான். சட்டையைத் தூக்கப் பிடிக்கும் குமிழுக்குப் பதிலாகக் கொக்கு. உல்லனில் செய்தால் கோழிக்குஞ்சு மாதிரி வருகிறது என்று வெள்ளைப் பருத்தி நூலில் போட்டார். உடம்பும் காலும் நன்றாக வந்தன. கழுத்து நிற்கவில்லை. பஞ்சு திணிக்க முடியாத அளவுக்கு ஒல்லி. நிமிர்த்தி விட்டால் தொங்கியது. இரும்புக் கம்பி வைக்கலாம் என்றால் யூனிட்டில் அது கூடாது. துவைத்தால் துரு ஏறும், கையிலும் குத்தும். பழைய கூடை ஒயரை உள்ளே விட்டுப் பார்த்தார். கொக்கு ஒட்டகமாகிவிட்டது.

அடுத்த முறை போனபோது கொக்கு துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்களில் துணி கிளிப். யாரோ சுட்டுக் கொண்டுவந்து மாட்டியதுபோல.

"கஞ்சி போட்டிருக்கன்" என்றார் அக்கா. "வேட்டி நிக்குது, காட்டன் பொடவ நிக்குது. கொக்கு நிக்காதா?"

நின்றது. காய்ந்து எடுத்தபோது கழுத்து இங்கிலீஷ் 'எஸ்' எழுத்தைப்போல, வளைந்தும் நிமிர்ந்தும், விறைப்பாக நின்றது. எறும்பு மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று என் பையிலிருந்த கவிதைப் புத்தகத்தை அக்கா எடுத்துப் புரட்டினார்.

"இன்னா தம்பி, பக்கத்துல பாதிக்குதான் அச்சடிச்சிருக்கான்? மீதிய அப்டியே வுட்டுட்டான்."

"கவிதக்கா. அப்டிதான் இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார். "எடம் வுட்டாதான ஆவி போவும்."

சனிக்கிழமை காலை யூனிட்டின் பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். ஒரே மாதிரி இரண்டு டீ ஜாடி. ஒன்றின்மேல் அர்ச்சனா மேடத்தின் மஞ்சள் வீடு, மற்றதன்மேல் எருமை. கொதிக்கிற டீயை ஊற்றிச் சட்டைகளை மாட்டி மேசைக்குக் கொண்டுவருவது என் வேலை. ஜெயசித்ரா அக்கா மாம்பழக் கலர் புடவையில் வந்திருந்தார். தலை நிறையக் கனகாம்பரம். சுவரோரம் நின்றார், கைகளைக் குவித்துக்கொண்டு.

செல்வகுமாரி மேடம் அறுபதை ஒட்டியவர். வந்ததும் மஞ்சள் வீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீட்டா இருக்கு அர்ச்சனா. ஜன்னல் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு எருமைக்கு வந்தார். குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோணல் கொம்பைத் தொட்டார்.

"எருமையா?"

"ஆமாம்மா" என்றார் அக்கா.

"டீ எங்கேர்ந்து வரும்?"

"மதகுலேர்ந்து."

செல்வகுமாரி மேடம் சிரித்துவிட்டார். அர்ச்சனா மேடம் ஜாடியைச் சாய்த்து ஊற்ற, செங்கல் மதகிலிருந்து டீ வளைந்து கோப்பையில் விழுந்தது. அதைப் பார்த்து மறுபடி சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் மஞ்சள் வீட்டின் பக்கம் திரும்பினார். "தமாஷா இருக்கு. ஆனா ரூம்ல வைக்கணும் இல்ல. கெஸ்ட்டுங்க எருமைய எப்படி எடுத்துப்பாங்களோ" என்றார்.

செல்வகுமாரி மேடம் நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடிக்க ஆரம்பித்தார். பேச்சு ஆர்டர், கலர், எப்போது தர முடியும் என்று மஞ்சள் வீட்டைச் சுற்றியே போனது.

அப்போதுதான் நான் கொக்கைப் பார்த்தேன். ஜாடிக்குள்ளிருந்து ஆவி, கம்பளியின் கண்கள் வழியாகக் கசிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொக்கின் கால்களைச் சுற்றி மெல்லிசாக ஒரு புகை. கஞ்சி. ஆவி பட்டால் கஞ்சி என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லையே!

கழுத்து அசைந்தது.

முதலில் மயிரிழை அளவு. பிறகு கொஞ்சம். பிறகு, யாரோ சொல்லிக் கேட்பதுபோல, மெதுவாகச் சாய ஆரம்பித்தது. ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்தேன். அவர் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அர்ச்சனா மேடம் பார்த்துவிட்டார். அவர் பேச்சு பாதியில் நின்றது. அவர் பார்த்த திசையில் செல்வகுமாரி மேடமும் திரும்பினார்.

கொக்கு குனிந்துகொண்டே வந்தது. நடுவில் ஒருமுறை நின்று, யோசித்து, மறுபடி குனிந்தது. அலகு எருமையின் விலாவைத் தாண்டி, திரும்பிப் படுத்திருந்த தலைக்கு வந்து, காதுக்குள் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"இது என்ன?" என்றார் செல்வகுமாரி மேடம், கோப்பையைக் கீழே வைக்காமல்.

"உண்ணி எடுக்குதும்மா" என்றார் அக்கா.

"இல்ல, நிமிந்துதானே நின்னுது?"

"எவ்ளோ நேரம்மா நிமுந்தே நிக்கும்? பசிக்காதா?"

செல்வகுமாரி மேடம் அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோப்பையிலிருந்த டீ வெள்ளைத் துணியில் சிந்தியது. எழுந்து வந்து, மேசைக்கு நேராகக் கண்ணை வைத்து, கொக்கின் அலகையும் எருமையின் காதையும் பார்த்தார். "திரும்ப நிமிருமா?"

"கஞ்சி குடுத்தா நிமுரும். நம்பளும் அப்டிதானம்மா?"

"எங்க ஹவுஸ்கீப்பிங்ல தினம் பெட்ஷீட்டுக்குக் கஞ்சி போடுறாங்க" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கொக்குக்கும் போட்டுடலாம்." பிறகு நிமிர்ந்து, "அர்ச்சனா, வீடு எல்லார்கிட்டயும் இருக்கு. இது எங்கயும் இல்ல. எல்லா ரூமுக்கும் எருமையே குடுத்துடு" என்றார்.

அவர் போனபின் அர்ச்சனா மேடம் மஞ்சள் வீட்டை மடித்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். ஆசையாகப் போட்டதுதானே. பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா, திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க மாடல் டேபிள்ல ஒக்காருங்க."

"டேபிள் வேணாம் மேடம், கால் மரத்துப்பூடும். ஒரு பாய் போடுங்க."

"வேற?"

"அந்த அம்ம வாத்த தக்காளிய மட்டும் வேற யாருக்குன்னா குடுத்துடுங்க."

மேசைமேல் பேப்பர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த தவளையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது உறுவையாறு திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு கேட்டேன். "எனக்கு உசுரே போயிடிச்சிக்கா. கொக்கு தொங்கனப்ப நீங்க எப்டி அப்டியே நின்னீங்க?"

"தொங்கல தம்பி. குனிஞ்சிது" என்றார்.

அதிர்ஷ்டம் என்றுதான் யூனிட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தனக்கொடிகூட, "சாமி அந்தக் கொக்கு மேல ஒக்காந்திருந்துச்சு, இல்லன்னா இவ வாய்க்கு இன்னிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தடுக்கி விழும்போது அதையே நடனம்போல ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம் என்று நினைத்தேன். அக்கா யாரையும் மறுத்துப் பேசவில்லை. பாயில் உட்கார்ந்து அடுத்ததைப் போட ஆரம்பித்துவிட்டார். கரும்பு ஏற்றிய டிராக்டர். அதன் புகைக்குழாய் வழியாக நிஜமாகவே ஆவி வரும். இப்போது அதுவும் விற்கிறது. யூனிட்டில் அட்டையில் அச்சடிக்கிறார்கள்: வடிவமைப்பு, ஜெயசித்ரா, உறுவையாறு.

மாசி மாதம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா யூனிட்டில். தனக்கொடி பின்னியதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சம்மந்தம் அண்ணன் வாசலில் டிராக்டர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடையிலிருந்து வரும்போது தூக்கில் டீ வாங்கி வந்திருந்தேன். ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன்.

"ஐயோ, டீ வேணாம் தம்பி" என்று பின்னால் போனார். "அந்தக் கொக்கு வந்ததிலேர்ந்து எனக்கு டீய கண்டாலே ஆவல."

"ஏண்ணா?"

"ஏனா? கடையில கெட்டில் வாங்கியாந்து, அது மேல எருமைய மாட்டி, அந்த வாரம் பூரா ஒக்காந்து பாத்துகினு இருந்தா. மொத தபா கொக்கு தொங்கனப்ப அழுதா. ரெண்டாந்தபா சிரிச்சா. அப்பறம் பாரு, எரும தலைய மறுபடி பிரிச்சி, அலகு வந்து வுழற எடத்துக்குக் காத நவுத்தி வெச்சா. இட்லி அரிசிக் கஞ்சி போட்டா கொக்கு குனியவே மாட்டேங்குது. ரேஷன் அரிசின்னா ஊத்தறதுக்குள்ள வுழுந்துடுது. பச்சரிசிதான் சரியா ஒரு கப்பு குடிக்கற நேரம் நின்னுது. ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு கெட்டில் டீ."

"வெறும் தண்ணி கொதிக்க வெச்சாப் போதாதா?"

"நானும் அதத்தான் கேட்டன். டீன்னா டீதான் வைக்கணுமாம், தண்ணின்னா கொக்குக்குத் தெரிஞ்சிடுமாம். அவ்ளோத்தையும் கீழ ஊத்த மனசு வருமா? நான்தான் குடிச்சன்."

"அக்கா பாதி குடிச்சிருக்கலாமே?"

சம்மந்தம் அண்ணன் டயரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளா? அவ பொறந்ததுலேர்ந்து ஒரு வாய் டீ குடிச்சதில்ல தம்பி."